மொசார்ட்டின் அப்பா

ஜவ்வாது மலைமேல், காவலூர் ஆய்வுக்கூடத்து விடுதியில் தீர்த்தகிரிக்கு வேலை கிடைத்தபோது, அது என்ன வேலை என்று கேட்டு அவருடைய ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இரவெல்லாம் நட்சத்திரம் பார்க்கிற விஞ்ஞானிகள் பகலில் தூங்குவார்கள். அந்தத் தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஜன்னல்களில் கறுப்புத் திரையை இழுத்து மூட வேண்டும். காக்கைகளை விரட்ட வேண்டும். விடுதி ஓரமாக ஆடு ஓட்டி வருகிறவர்களை, வாயில் விரல் வைத்துக் காட்டி, வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும். இதற்கு ஒரு காக்கிச் சட்டை, மாதம் பிறந்தால் சம்பளம். சாமை விதைத்து, புளி உலுக்கி, மழையையே நம்பிக் கிடந்த மலைக்காரர்களுக்கு நடுவில், அடுத்தவர் தூங்குவதற்குச் சம்பளம் வாங்கினவர் அவர் ஒருவர்தான். சிரித்தவர்களுக்கு உள்ளூரப் பொறாமை. அது தெரிந்துதான் தீர்த்தகிரி அந்தச் சட்டையை விறைப்பாக இஸ்திரி போட்டுக்கொண்டு ஊருக்குள் இரண்டு முறை அதிகமாக நடந்தார்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஒரு வெள்ளைக்கார விஞ்ஞானி வந்து நாலு மாதம் தங்கினார். மத்தியானம் மூன்று மணிக்கு எழுந்திருப்பார். பல் துலக்குமுன் ஒரு டேப் ரெக்கார்டரை முடுக்கிவிடுவார். அதிலிருந்து வருகிற வாத்திய ஓசை, திரை நீக்கின ஜன்னல் வழியாகப் புளியமரம் வரைக்கும் போகும். காப்பி கொண்டுபோன தீர்த்தகிரி அந்தப் பெட்டியைக் காட்டி, இது என்ன என்று கையால் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே "மொசார்ட்" என்றார். பெட்டிக்குத்தான் அந்தப் பேர் என்று தீர்த்தகிரி ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு வேலூர்ப் பக்கத்து இளம் விஞ்ஞானி ஒருவர் விளக்கினார். அது பாட்டு அமைத்த ஒரு மேதையின் பேர். அதிலும் அவருடைய சொந்தப் பேர் வேறு, இது குடும்பப் பேர். அப்பாவுக்கும் அதுதான், பிள்ளைக்கும் அதுதான். செத்து இத்தனை காலம் ஆகியும் அவர் பேரைத் தெரு, பள்ளிக்கூடம், மிட்டாய் என்று கண்டதற்கெல்லாம் வைத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்றும் சொன்னார். கடைசியாகச் சொன்னது தீர்த்தகிரியின் மனதில் பசை போட்டு ஒட்டிக்கொண்டது. குடும்பப் பேர் என்பது மட்டும் இந்தக் காதில் நுழைந்து அந்தக் காதில் போய்விட்டது.

அவர் மனைவி பாஞ்சாலைக்கு அதற்கு முன்பு இரண்டு பிள்ளைகள் பிறந்து தவறியிருந்தன. ஒன்று நாற்பதாம் நாள், இன்னொன்று நடக்கத் தொடங்கின பிறகு. எழுபத்திரண்டு தை மாதம் மூன்றாவதாக ஒரு ஆண் பிள்ளை பிறந்தது. தீர்த்தகிரி விடுதியில் காக்கை விரட்டிக்கொண்டிருந்தார். பிரசவம் பார்த்த குப்பம்மாள் பிள்ளையைத் துடைத்து, ஒரு முறத்தில் கிடத்தி, வீட்டுக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்தாள். அப்புறம் வேறு யாரோ பெற்றுப்போட்ட பிள்ளையைக் கண்டெடுத்தவளைப் போலத் தூக்கிவந்து பாஞ்சாலையின் மடியில் போட்டாள். வேண்டாத பிள்ளை, குப்பைப் பிள்ளை என்று நினைத்து எமன் திரும்பிப் போய்விடுவான் என்பது நம்பிக்கை. குப்பம்மாளும் அப்படிக் குப்பையில் போட்டு எடுத்த பிள்ளைதான். அறுபது வயது தாண்டி உரல் மாதிரி இருந்தாள். அதைவிட வேறு அத்தாட்சி பாஞ்சாலைக்கு வேண்டியிருக்கவில்லை. பிள்ளைக்குக் குப்பன் என்று பேர் வைத்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த தீர்த்தகிரிக்கு விஷயம் தெரிந்ததும் முகம் கறுத்துப்போயிற்று. வானத்தை அளக்கிறவர்களோடு பழகுகிற மனுஷன். அவர் பிள்ளை குப்பையா? என் பிள்ளைக்கு மொசார்ட் என்று பேர், இனி இந்த வீட்டில் குப்பன் என்கிற சொல் கேட்கக் கூடாது என்று கத்தினார். பாஞ்சாலை பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நிதானமாகத்தான் பதில் சொன்னாள்.

"நீ இன்னா பேரு வேணா வெச்சிக்க. பேரு உனுக்கு. உசிரு எனுக்கு."

அவள் சொன்னபடியே நடந்தது. அவர் வீட்டில் இருக்கும்போது பிள்ளை மொசார்ட். அவர் விடுதிக்குப் போனதும் குப்பன். பிள்ளையும் இரண்டு பேருக்கும் ஓடி வந்தது. சாகாமல் வளர்ந்தது. எந்தப் பேரால் பிழைத்தது என்று அவரவருக்கு ஒரு கணக்கு.

தீர்த்தகிரிக்கு அந்தப் பேரைப் பிள்ளையோடு நிறுத்திக்கொள்ளத் தெரியவில்லை. கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் அந்தக் கதையைச் சொன்னார். கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? பக்கத்து வீட்டுச் சின்னராசு, பொங்கலுக்கு மாடு விடுகிற விழாவில் ஓடவிடக் கன்றிலிருந்து வளர்த்த காளைக்கு மொசார்ட் என்று பேர் வைத்தான். விடுதி ஜன்னலில் அந்த ஓசை கேட்கிற நேரமாக இருந்த மூன்று மணி, வெள்ளைக்காரர் போன பிறகும் 'மொசார்ட் நேரம்' ஆனது. பஸ் நிற்கிற இடத்தில் கடை போட்ட காசி, பலகையில் மொசார்ட் டீ ஸ்டால் என எழுதி வைத்தான். அப்புறம் பஸ் நிறுத்தமே அந்தப் பேராயிற்று. ஆலங்காயத்தில் ஏறுகிறவர்கள் 'மொசார்ட் ஒண்ணு' என்று டிக்கெட் கேட்டார்கள். கொஞ்சம் விறைப்பாகச் சட்டை போட்டுக்கொண்டு யாராவது நடந்தால், 'இவரு பெரிய மொசார்ட்டு' என்றார்கள். அது யாரைக் குத்துகிற பேச்சு என்று தீர்த்தகிரிக்குப் புரியாமல் இல்லை. இருந்தாலும் பேர் பரவுகிறதே என்று பூரித்துப்போனார். மேதையின் பேரைத் தெருவுக்கு வைத்தார்கள் என்றால் தன் பிள்ளையின் பேரை பஸ் நிறுத்தத்துக்கு வைத்துவிட்டார்கள் அல்லவா!

பிள்ளைக்கு அது எப்படி இருந்தது என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. இதை எழுதும்போது எனக்கே அவர்மேல் கோபம் வருகிறது. கேட்பதற்கு என்ன, ஒரு வாய்ச் சொல்தானே.

அவன் ஒன்பதாவது படிக்கும்போது சின்னராசுவின் காளை ஓட்டத்தில் பாதி வழியில் படுத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம், மொசார்ட் படுத்துடுச்சா, எழுந்துடுச்சா என்று விசாரித்தார்கள். மறு வருஷம் காளையைக் கீழே சந்தையில் கொண்டுபோய் விற்றுவிட்டு வந்தான் சின்னராசு. அன்றைக்கு டீக்கடையில் நின்ற பையனைப் பார்த்து, உன்னை வித்தாச்சாமே என்று பெரியவர்களே சிரித்தார்கள்.

பத்தாவது பரீட்சைக்குப் பேர் எழுதி அனுப்புகிற சமயம். தலைமையாசிரியர் நல்ல மனுஷர். சான்றிதழில் ஏறிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம், வேறு பேர் வேண்டுமென்றால் இப்போதே மாற்றலாம், அப்பா கையெழுத்துப் போட்டால் போதும் என்று சொல்லி ஒரு படிவம் கொடுத்திருந்தார். பையன் அதைப் பூர்த்தி செய்து, விடுதிக்கே கொண்டுவந்து, புளியமரத்தடியில் நின்றான். புதுப் பேர் எழுதவேண்டிய இடத்தில் குப்பன் என்று இருந்தது.

தீர்த்தகிரி படித்தார். உள்ளே விஞ்ஞானிகள் தூங்கிக்கொண்டிருந்ததால் கத்தவும் முடியவில்லை. படிவத்தை நாலாக மடித்துப் பையனின் சட்டைப் பையிலேயே செருகினார்.

"எவ்ளோ மரியாதையான பேரு வெச்சிருக்கேன். அத்த வுட்டுட்டு குப்பைன்னு சொல்லிக்கப் போறியா? நான் கையெழுத்து போடமாட்டேன்."

"இது எம் பேரு இல்ல நைனா. ஊர்ல இருக்கற அல்லாத்துக்கும் இதான் பேரு. உனுக்கு அவ்ளோ புடிச்சிருந்தா நீயே வெச்சிக்க."

அப்பாவை எதிர்த்து அவன் பேசின முதல் பேச்சு. அவரும் ஓங்கி அறைந்துவிட்டார். தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாதே என்று சத்தம் வராமல் அறைந்ததாகப் பிற்பாடு அவரே சொல்லி அழுதிருக்கிறார்.

பரீட்சை எழுதினான். தேறினான். சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்து, வீட்டுக் கூரை விட்டத்தில் செருகிவிட்டு, எண்பத்தெட்டு ஆனியில் ஒரு நாள் காலையில் போய்விட்டான். பாஞ்சாலையிடம் மட்டும் வேலைக்குப் போவதாகச் சொல்லியிருந்தான்.

எட்டு மாதம் தகவல் இல்லை. பாஞ்சாலை சோறு இறங்காமல் இளைத்துப்போனாள். தீர்த்தகிரி வெளியில் விறைப்பாகத்தான் இருந்தார். ஆனால் மூன்று மணி ஆனால் போதும், பஸ் வருகிற திசையில் கண் போய்விடும். மலைப் பிள்ளைகள் குடகுக் காப்பித் தோட்டங்களுக்குக் கூட்டமாகப் போகிறார்கள் என்று யாரோ சொல்ல, அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு, காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாணியம்பாடியில் ரயில், பெங்களூரிலிருந்து மைசூருக்குப் பஸ், அப்புறம் மலைமேல் இன்னொரு பஸ். ஐந்து தோட்டம் ஏறி இறங்கினார். அந்தப் பேரை எங்கேயும் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஒருமுறை கேட்டால் மறக்க முடியாத பேர் என்பதால், இல்லையென்றால் இல்லைதான்.

ஆறாவது தோட்டத்தில், ஆள் பேர் எழுதுகிற ரைட்டர் தமிழர், சேலத்துப் பக்கம். பேரேட்டில் விரல் வைத்துப் பார்த்தார். அப்படிப் பேர் இல்லை என்று சிரித்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்.

"ஜவ்வாது மலையிலிருந்து ஒரே ஒரு பையன் இருக்கான். போன வருஷம் மழைக்கு வந்தான். பேரு குப்பன். களத்துல காப்பிக்கொட்டை காய வச்சிட்டிருக்கான். கூப்பிடட்டுமா?"

அது தன் பிள்ளை என்று தீர்த்தகிரிக்கு அந்த நொடியில் தெரியவே தெரியாது என்று சொன்னால் அது பொய். அவனாக இருக்குமோ என்று பட்டதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் பேனாவோடு ஒரு மனுஷர். இந்தப் பக்கம் இஸ்திரி போட்ட சட்டையில், மொசார்ட்டின் அப்பா. இவ்வளவு நேரம் மேதை, வெள்ளைக்காரர், ஆய்வுக்கூடம் என்று பெருமையாகப் பேசிவிட்டு, ஆமாம், என் பிள்ளை குப்பன்தான் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"அவன் இல்லீங்க. எங்க வூட்ல குப்பன்னு யாரும் கெடையாது" என்றார். நாலு மணிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு இறங்கிவிட்டார். களம் அந்தக் கட்டடத்துக்குப் பின்னால்தான் இருந்தது. ஐம்பது தப்படி இருக்கும்.

வீட்டில் அவர் ஒவ்வொரு தோட்டமாகச் சொல்லிக்கொண்டு வர, பாஞ்சாலை சாமை புடைத்துக்கொண்டே கேட்டாள். ஆறாவது தோட்டத்தில் முறம் நின்றது.

"குப்பன்னா சொன்னாங்க?"

"ஆமா."

"அது நம்ம புள்ள. உன் வாயால இல்லன்னு சொல்ட்டு வந்தியா?"

அவள் அழவில்லை, திட்டவில்லை. பையில் இன்னொரு சட்டையை எடுத்து வைத்து, போய்க் கூட்டிவா என்று கொடுத்தாள். விடுப்புக் கிடைத்து அவர் மறுபடி போய்ச் சேரப் பன்னிரண்டு நாளாயிற்று. ரைட்டர் அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். நடந்ததை அவர் பாவம், மறைக்காமல் சொன்னார். தீர்த்தகிரி முதல்முறை வந்துபோன சாயங்காலம் ரைட்டர் பையனிடம், உங்கள் மலையிலிருந்து காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் பிள்ளையைத் தேடி வந்தார் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். குப்பன் என்று ஒருவன் இருப்பதை அவரிடம் சொன்னீர்களா என்று பையன் கேட்டிருக்கிறான். சொன்னேன் என்றாராம். அதற்கு அவர் என்ன சொன்னார் என்று கேட்டிருக்கிறான். எங்கள் வீட்டில் குப்பன் என்று யாரும் கிடையாது என்று சொன்னார் என்றாராம். பையன் போய்க் களத்துக் கொட்டையைக் குவித்து மூடினானாம். மறுநாள் காலையில் ஆள் இல்லை. எந்தப் பக்கம் போனான் என்று கூட இருந்தவர்களுக்கும் தெரியவில்லை.

தீர்த்தகிரி அந்தக் களத்தில் போய் உட்கார்ந்தார். பிள்ளையின் கை பரப்பின கொட்டைகள் இந்நேரம் மூட்டையாகிப் போயிருக்கும். இருந்தாலும் தரையைத் தடவிப் பார்த்தார். பதினேழு வருஷம் அவர் வாயில் வராத அந்தப் பேரை அங்கேதான் முதன்முதலில் சொல்லிக் கூப்பிட்டார். கொட்டை அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் விடுப்பு கிடைக்கும்போதெல்லாம் போகிறார். காப்பித் தோட்டம், செங்கல் சூளை, சாலை போடுகிற இடம் ஒன்றையும் விடுவதில்லை. காக்கிச் சட்டையை இப்போது போடுவதில்லை. "குப்பன்னு எம் புள்ள இருக்கானாங்க?" என்றுதான் கேட்கிறார். மொசார்ட் என்று கேட்டபோது எங்கேயும் ஆள் இல்லை. குப்பன் என்று கேட்டால் ஆள் இல்லாத இடமே இல்லை. ஓசூர்ப் பக்கத்துச் சூளை ஒன்றில் மூன்று குப்பன்கள் மண் கையோடு வந்து வரிசையாக நின்றார்கள். ஒருவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தீர்த்தகிரி மூவர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவரவரைப் பெற்றவள், பிள்ளை பிழைக்க வேண்டும் என்று குப்பையில் போட்டுத்தான் எடுத்திருப்பாள் என்று தோன்றியது. நல்லா இருங்கப்பா என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

ஆலங்காயத்திலிருந்து வருகிற மத்தியானப் பஸ் மூன்று மணிக்குக் காசியின் கடை முன்னால் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "மொசார்ட்டு எறங்கு" என்றார். தீர்த்தகிரி இறங்கினார். காத்திருந்த பாஞ்சாலை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று, பஸ் கிளம்பிப் போகிறவரைக்கும் படியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.