முற்றத்தில் விழுந்த வட்டம்

ருவோலான் ஹெபெய் சமவெளிக் கிராமமொன்றில் மாவு பிசைந்து குடும்பம் நடத்திய பெண். நெஞ்சுச்சளி விடாமல் வாட்டியபோதுதான் பாகுவா என்கிற உள்வலிமைத் தற்காப்புக் கலையைப் பிடித்துக்கொண்டாள். அதில் வட்டமாக நடப்பதே பெரிய பயிற்சி. குதிகால் தனியாக எழும்பாமல், பாதம் முழுவதும் சேற்றில் வழுக்குவது போல் போகவேண்டும். விடிந்ததும் கருணைத் தெய்வமான குவான்யின் தாயின் பெயரை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே முற்றத்தில் நடப்பாள். சளி போயிற்று. மண்ணில் மட்டும் வட்டமாய் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது.

கலாசாரப் புரட்சி வந்து பழையதெல்லாம் குற்றமானதும் அந்தப் பள்ளமே எமனாயிற்று. பழைய வித்தை பழகினான் என்று பக்கத்துத் தெரு யுவானைக் கழுத்தில் பலகை மாட்டி இழுத்துப்போய்க் கையை முறித்திருந்தார்கள். இவள் மண் கொட்டி மூடினாள். ஒரு மழைக்கு வட்டம் மறுபடி தெரிந்தது. கடைசியில் கணவன் ஃபூதியானும் அவளுமாகக் கொட்டகையில் கிடந்த, கழியைத் தள்ளிச் சுற்றிவந்து அரைக்கும் மாவுக்கல்லை உருட்டிவந்து நடுவில் வைத்தார்கள். மாவரைக்கிறவள் சுற்றிவந்த தடம் என்று நினைக்கட்டும்.

மறுநாள் காலை மாவோவின் இளைஞர் படையான செங்காவலர்கள் வந்தார்கள். முன்னால் வந்தவன் சாய் மௌலின். ஒரு காலத்தில் அவனும் அவளோடு சேர்ந்து இதே நடையைப் பழகியவன்.

இது என்ன தடம் என்று கேட்டான். மாவரைக்கிற தடம் என்றாள்.

"அப்பத் தள்ளுங்க அத்தை, பாப்போம்."

கழியைப் பிடித்துத் தள்ளினாள். பாழாய்ப்போன கால் பழக்கத்தில் வழுக்கியது. வலிந்து குதிகாலை ஊன்றி, தடுமாறி நடந்தாள். கூட வந்த பெண்ணொருத்தி, "வாத்து மாதிரி நடக்குது பாரு" என்று சிரித்தாள். அப்போது கல் கிறீச்சிட்டது. பயத்தில் ருவோலான் சோளம் போடவே மறந்திருந்தாள்.

"மாவையே காணோமே?" என்றாள் அந்தப் பெண்.

சாய் குனிந்து கல்லைத் தடவினான். கொத்தாமல் மழுங்கிக் கிடந்த கல் என்பது விரலுக்கே தெரிந்திருக்கும்.

"புதுசாக் கொத்துன கல்லு. மொதல்ல வெறுங்கல்ல ஓட்டித்தான் கல்லுத் தூள எடுப்பாங்க. ஒங்கம்மா சொல்லித்தரலயா?"

எல்லோரையும் வெளியே அனுப்பினான். ருவோலானைத் தாண்டும்போது, உதடு அசையாமல், "குதிகால நல்லா ஊனுங்க அத்தை. இன்னும் வழுக்குது" என்றான். அவன் நெற்றியும் வேர்த்திருந்தது.

தப்பித்தோம் என்றான் ஃபூதியான். அவள் கழியை விடவில்லை. நாளைக்கு யாராவது சாயின் கையை முறுக்கினால் அவன் வாயில் முதலில் வரும் பெயர் எதுவாக இருக்கும் என்று நினைத்தபடி, குதிகாலை ஊன்றி ஊன்றிச் சுற்றிக்கொண்டிருந்தாள்.