பன்னிரண்டாம் பத்தி எங்கே?

பக்கம் முடியாமல் அக்கா டீயைத் தொடமாட்டார். டம்ளர் அவருடைய இடது முழங்கைக்குப் பக்கத்தில் ஆறி, ஆடை படர்ந்து கிடக்கும். எதிரில் இருக்கும் வாசிப்பாளர் மூலப்பிரதியை உரக்கப் படிப்பார். சட்டத்தை மட்டும் படித்தால் போதாது, அதிலுள்ள புள்ளிகளையும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். "கட்டணம் செலுத்தப்படாத உரிமம் காற்புள்ளி அறிவிப்பு ஏதுமின்றி காற்புள்ளி ரத்தாகும் முற்றுப்புள்ளி" என்று அவர் ராகம் போட, அக்காவின் பென்சில் அச்செடுத்த தாளில் வரிவரியாக ஊர்ந்து வரும். பக்கத்தின் கடைசி முற்றுப்புள்ளி வந்ததும் பென்சில் காதுக்குப் போகும், கை டம்ளருக்குப் போகும்.

அரசு அச்சகத்தின் முதல் மாடியில், இயந்திரங்களின் அதிர்வில் ஜன்னல் கண்ணாடி ஓயாமல் நடுங்கும் அறை அது. இங்கே மெய்ப்புப் பார்ப்பவராக அக்காவுக்கு இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. ஓய்வு வயது தாண்டியும், "அவங்க இல்லாம முடியாது" என்று வருடா வருடம் பணி நீட்டிப்புக் கொடுக்கிறார்கள். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதற்கு அங்கே மட்டும்தான் வேலை. மற்றபடி கீழ்த்தளத்து இயந்திரக்காரர் முதல் மேலாளர் வரை எல்லாருக்கும் அவர் கேள்விக்குறி அக்கா.

பெயர் சும்மா வரவில்லை. எழுத்துப் பிழையானால் அக்கா தாமே திருத்திவிடுவார். பொருளில் இடறினால் ஓர் எழுத்தைக்கூடத் தொடமாட்டார். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, பக்கத்தில் நாலு வார்த்தை எழுதுவார். அச்சகத்து விதிப்படி, கேள்வி நிற்கும் பக்கம் இயந்திரத்துக்குப் போகாது. அனுப்பிய துறை பதிலை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் ஆவண அறையில் பத்திரமாக இருக்கும், யார் மனுப் போட்டாலும் எடுத்துப் பார்க்கலாம்.

ஆனால் அக்கா பெரும்பாலும் அதுவரை விடுவதில்லை. தட்டச்சு செய்தவரைத் தொலைபேசியில் பிடித்து, விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லி, சரியான தாளை வரவழைத்துக்கொண்டு, தம் கேள்வியை ரப்பரால் சுத்தமாக அழித்துவிடுவார். "பாவம், பிள்ளைகுட்டிக்காரங்க. தப்பு சரியாயிடுச்சுன்னா தடயம் எதுக்கு?" என்பார். அவருடைய ரப்பர் மாதத்துக்கு ஒன்று தேயும். அந்தத் துறைகளில் எத்தனை பேருடைய பதவி உயர்வு அந்த ரப்பர் தூளில் பிழைத்திருக்கிறதோ, யாருக்குத் தெரியும். பென்சில் அல்லாமல் பேனாவால் அவர் கேள்வி கேட்டு யாரும் பார்த்ததில்லை.

வீட்டிலும் தொழில் விடுவதில்லை. கணவருக்குப் போன் செய்தால், "பால் வாங்கிடுங்க, காற்புள்ளி, மாத்திரையை மறந்துடாதீங்க, முற்றுப்புள்ளி" என்று வைத்துவிடுவார். முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்ந்த மனிதர், எதிர்வாதம் செய்ய இடமில்லாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். முற்றுப்புள்ளிக்குப் பிறகு என்ன பேசுவது என்பது அவர் கட்சி.

அக்காவின் கைப்பையில் இரண்டு போன்கள் இருக்கும். ஒன்று அவருடையது. இன்னொன்று மருமகனுடையது. மருமகன் நல்ல எலக்ட்ரீஷியன், நல்ல தகப்பன். இரண்டு வருடத்துக்கு முன் போனில் சீட்டாடத் தொடங்கினார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே உட்கார்ந்து ஆடினார். சொந்தக் கடை வைக்கச் சேர்த்த பணம் போயிற்று, மகளின் வளையல் போயிற்று, கடைசியில் மகளும் குழந்தையோடு கிளம்பி வந்துவிட்டாள். மனுஷன் ஒரு நாள் அச்சக வாசலில் வந்து நின்று, போனை அக்காவின் கையில் வைத்தார். "அத்தை, இது என்கிட்ட இருந்தா நான் தேற மாட்டேன்" என்றார். இப்போது அவரிடம் பழைய பட்டன் போன்தான். மகள் திரும்பிப் போய் ஒன்பது மாதம் ஆகிறது.

பையில் கிடக்கும் போன் மட்டும் தேறவில்லை. தினமும் பத்துத் தடவையாவது விர்ரென்று துடிக்கும். 'உங்களைக் காணாமல் வாடுகிறோம். போனஸ் காத்திருக்கிறது.' நிறுத்தச் சொல்லி அக்காவே பதினோரு தடவை எழுதிப் பார்த்துவிட்டார். பெற்ற தாய்கூட இப்படி விசாரிக்க மாட்டாள் என்று வாசிப்பாளரிடம் சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டுப் பையை மேஜைக்கடியில் தள்ளுவார்.

அதனால்தான் ஆன்லைன் சூதாட்ட மசோதா மெய்ப்புக்கு வந்த அன்று அக்காவுக்கு அத்தனை சந்தோஷம். ஒன்பதே பிரிவுகள். ஆட்டத்தில் வைக்கும் பந்தயத் தொகை முழுவதற்கும் வரி என்றது நான்காம் பிரிவு. விலகிப் போனவரை மறுபடி ஆட அழைத்துச் செய்தி அனுப்பினால் உரிமம் ரத்து என்றது ஏழாம் பிரிவு. அந்தப் பிரிவை இரண்டு முறை படிக்கச் சொன்னார், பிழை இருந்ததற்காக அல்ல.

பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, திருத்தம் என்று தனியாக ஒரு தாள் வந்தது. வாசிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். நான்காம் பிரிவில் பந்தயத் தொகை காணாமல் போய், நிறுவனம் எடுத்துக்கொள்ளும் தரகுக்கு மட்டும் வரி என்று ஆகியிருந்தது. ஏழாம் பிரிவு இன்னும் சாதுவாகியிருந்தது: அழைப்புச் செய்திகளை நிறுவனங்கள், "பன்னிரண்டாம் பத்தியில் விளக்கியபடி", தாமே கட்டுப்படுத்திக்கொள்ளும்.

"நில்லுங்க" என்றார் அக்கா. "மசோதாவே ஒன்பது பிரிவுதான். பன்னிரண்டு எங்கேருந்து வந்துச்சு?"

சட்டத்தில் பிரிவு உண்டு, பத்தி கிடையாது. பத்தி போட்டு எழுதுவது மனுவில்தான். இந்த வாக்கியத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அக்கா பென்சிலால் காதைச் சொறிந்துகொண்டார். எழுந்து அலமாரிக்குப் போய், மூன்று மாதத்துக்கு முன் அச்சான, ஆன்லைன் சூதாட்டத்தை ஆராய்ந்த குழுவின் அறிக்கையை எடுத்துவந்தார். அதன் பின்னிணைப்பில் சூதாட்ட நிறுவனங்களின் சங்கம் கொடுத்த மனு இருந்தது. அதில் பன்னிரண்டாம் பத்தியும் இருந்தது. திருத்தத் தாளிலுள்ள இரண்டு பிரிவுகளும் அந்த மனுவிலிருந்து சொல் மாறாமல் இறங்கியிருந்தன. எடுத்து ஒட்டியவர், பத்தி எண்ணை மாற்ற மறந்திருக்கிறார்.

சங்கத் தலைவரின் பெயரும் அக்காவுக்குப் புதிதல்ல. கட்சிகளுக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பட்டியலை வருடா வருடம் அச்சிடுவதும் இதே அச்சகம்தான். ஆளுங்கட்சிப் பக்கத்தில் அவருடைய நிறுவனம் முதல் வரி, எதிர்க்கட்சிப் பக்கத்தில் மூன்றாம் வரி. "ரெண்டு கட்சியும் சண்டை போடாம ஒத்துக்கிட்ட ஒரே பேரு" என்று அப்போதே வாசிப்பாளர் வேடிக்கையாகச் சொன்னார். அக்கா ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: 'பன்னிரண்டாம் பத்தி எங்கே? சங்கத்தின் மனுவிலா?'

வழக்கம்போலத் துறைக்குப் போன் செய்தார். அரை மணி நேரத்தில் மேலாளரே படியேறி வந்துவிட்டார். கெட்ட மனிதர் அல்ல. மகளின் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகையை அக்காவுக்குக் கொடுத்தவர். இன்று நெற்றியெல்லாம் வியர்வை. மேலேயிருந்து இரண்டு போன் வந்துவிட்டதாம், சாயங்காலத்துக்குள் அச்சாக வேண்டுமாம். அந்தப் பத்தி எண்ணை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்.

"எழுத்துப் பிழைன்னா நானே எடுத்துடுவேன் சார். இது அர்த்தம். அனுப்பினவங்கதான் எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்கக்கா. உங்களுக்குத் தெரியாதா?" மேலாளர் குரலைத் தணித்தார். "உங்க நீட்டிப்புக் கோப்பு என் மேஜையிலதான் இருக்கு. இன்னும் கையெழுத்துப் போடலை. அந்தக் கேள்வியை அழிச்சிடுங்க. எல்லாருக்கும் அழிக்கிறதுதானே நீங்க?"

அது உண்மைதான். அதனால்தான் அக்காவுக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு வருடம் இரக்கப்பட்டு அழித்த அத்தனைக்கும் இவர் ஒரே வார்த்தையில் விலை வைத்துவிட்டார். அக்கா மேஜை இழுப்பறையைத் திறந்து ரப்பரை எடுத்தார். இந்த மாதத்து ரப்பர், பாதிகூடத் தேயவில்லை. அதைத் தாளின் ஓரத்தில் வைத்தார். மேலாளர் நிம்மதியாக மூச்சு விட்டார். வாசிப்பாளர் நடுங்குகிற ஜன்னல் கண்ணாடியை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஜைக்கடியில், பைக்குள், மருமகனின் போன் விர்ரென்று துடித்தது. ஒரு முறை, இன்னொரு முறை.

அக்கா ரப்பரை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். வாசிப்பாளரின் சட்டைப் பையை நோக்கிக் கையை நீட்டினார்.

"உங்க பேனாவைக் கொடுங்க."

பென்சில் எழுத்தின் மேலேயே, ஒவ்வோர் எழுத்தாக, மையால் எழுதிக்கொண்டு போனார். இரண்டு கேள்விக்குறிகளையும் மேலிருந்து கீழே நிதானமாக வளைத்து இறக்கினார். அடியில் தம் கையெழுத்தையும் போட்டார். சம்பளப் பட்டியலில் இருக்கிற பெயர். குனிந்து, மை காயும்வரை ஊதினார். பிறகு பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.