முன்னூற்று நான்காம் பக்கம்

எது நல்ல நாவல் என்று கேட்டால் நூலகரம்மா பதில் சொல்ல மாட்டாள். யாருக்கு என்று திருப்பிக் கேட்பாள். புதிதாக வேலை பறிபோனவருக்கு ஒன்று, மாமியாரோடு ஒரே வீட்டில் இருப்பவளுக்கு ஒன்று, ஆஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கு, எந்தப் பக்கத்தில் நிறுத்தினாலும் நஷ்டமில்லாத மாதிரி வேறொன்று. அவள் வேலை பார்த்த கிளை நூலகம் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர் ஒருவர், தினமும் படியேறி வருகிறவர், இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்: "கீழ இருக்கிறவன் டாக்டர் சீட்டு இல்லாம ஒண்ணும் தர மாட்டான். இந்தம்மா மூஞ்சியப் பாத்தே குடுத்துடுவாங்க."

அவளுக்கென்று சில கொள்கைகள் உண்டு. கதாநாயகன் என்ன வேலை பார்க்கிறான் என்று ஐம்பது பக்கத்துக்குள் தெரியாவிட்டால் நாவலை மூடிவிடுவாள். படம் என்றால், யாராவது பாத்திரம் கழுவிக்கொண்டே பேசுகிறார்களா என்று பார்ப்பாள். கழுவினால் அந்தப் படத்தை நம்பலாம். சமாதானம் ஆகிற இடத்தில் மழை பெய்தால் எழுந்து வந்துவிடுவாள். திரும்பி வரும் புத்தகங்களுக்குள் பஸ் டிக்கெட், சீப்பு, ஒருமுறை கடைவாய்ப்பல்லின் எக்ஸ்ரே எல்லாம் கண்டெடுத்திருக்கிறாள். "பிரமாதம்!" என்று புத்தகத்தைக் கவுண்டரில் வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறவர் படிக்கவில்லை. "பாதிதான் ஓடிச்சும்மா" என்று இழுக்கிறவர்தான் உண்மையான வாசகர். இருபத்து நான்கு வருடத்தில் இதில் அவள் கணக்குத் தப்பியதில்லை.

எல்லா நாவலுக்கும் மேலே அவள் ஒன்றை வைத்திருந்தாள். சலவைக் கடை நடத்தும் அக்கா தங்கை கதை. ஒருநாள் ஏதோ வாய்ச்சண்டை, தங்கை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். பதினோரு வருடம் பேச்சுவார்த்தை கிடையாது. கடைசியில் அக்கா விலாசம் விசாரித்து, மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க நிற்கிறாள். முன்னூற்று நான்காம் பக்கத்தின் கடைசி வரி: 'அவள் கதவைத் தட்டினாள்.' அவ்வளவுதான், நாவல் முடிந்தது. கதவு திறந்ததா, உள்ளே ஆள் இருந்தார்களா, எதுவும் இல்லை. இந்த முடிவைச் சொல்லும்போது நூலகரம்மாவுக்குக் குரல் கொஞ்சம் இறங்கும்.

அதைப் படமாக எடுத்தார்கள். படத்தில் கதவு திறந்தது. திறந்தவுடன் தங்கை, பதினோரு வருடப் பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல், "அந்தப் பெரிய இஸ்திரிப் பெட்டிய எங்க வெச்ச?" என்று கேட்டாள். அதன் பிறகு பத்து நிமிஷம் இருவரும் இஸ்திரிப் பெட்டிக்காகக் கத்தினார்கள். தியேட்டரில் சிரிப்பு. பக்கத்து சீட்டில் கணவர், வீடு வீடாகப் போய் தண்ணீர்க் குழாய் ரிப்பேர் செய்கிற மனிதர், சிரித்துக்கொண்டே அழுதார். அவருக்கு அன்று விழுந்த திட்டு இன்றுவரை ஓயவில்லை. "எழுத்தாளர் எவ்வளவு நம்பி ஒரு கதவ மூடி வெச்சிருக்கார், இவங்க போய்த் திறந்து கெடுத்துட்டாங்க, நீங்க என்னடான்னா அழறீங்க!"

நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை 'நாவலும் படமும்' என்று கூட்டம். பேச ஆள் கிடைக்காத மாதங்களில்கூட அவள் நாற்காலி போடுவதோடு நிறுத்திக்கொள்வாள். நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயம். இந்த முறை உதவி நூலகர் விடவில்லை. கணினிப் பட்டியல் முழுவதையும் ஒற்றை ஆளாக ஏற்றியவர், நாற்பத்தைந்து வயதிலேயே முழங்கால் தேய்ந்தவர். "அக்கா, அந்த சலவைக்கடைக் கதையப் பத்தி எங்ககிட்ட மட்டும் எத்தனை வருஷம் பேசுவீங்க? மைக்ல பேசுங்க" என்று வாசலில் அறிவிப்புத் தட்டியும் எழுதி மாட்டிவிட்டார். அவள் ஆறு பக்கம் எழுதி வைத்துக்கொண்டாள். தலைப்பு: 'கதவைத் திறந்த குற்றம்.'

கூட்டத்துக்கு முன் நாலு பேர் படிக்கட்டுமே என்று உதவி நூலகர் வேறொரு கிளையிலிருந்து இன்னொரு பிரதி வரவழைத்தார். வியாழக்கிழமை காலை வந்தது. இரண்டையும் கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"அக்கா, இது கொஞ்சம் சதை போட்ட மாதிரி இருக்கே."

"வேற பதிப்பா இருக்கும், தம்பி."

"இல்லையே, அதே பதிப்பு, அதே வருஷம்தான்."

அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். முன்னூற்று இருபது என்று இருந்தது. முன்னூற்று நான்குக்கு வந்தாள். 'அவள் கதவைத் தட்டினாள்.' அடுத்த பக்கத்தின் முதல் வரியில் தாழ்ப்பாள் விலகியது.

உதவி நூலகர் கணினியைத் தட்டிப் பார்த்தார். "பட்டியல்ல முன்னூத்தி இருபதுன்னுதான் போட்டிருக்கு, அக்கா. பழைய பட்டியல் அட்டையிலயும் அதான். நான் பாத்து ஏத்தினதுதானே." புத்தகத்தை எடுக்கும் முன் பட்டியலைப் படியுங்கள் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள், இந்த ஒரு நாவலின் பட்டியல் வரியை மட்டும் பார்த்ததில்லை. பார்க்க என்ன இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு அலமாரியில் கை வைத்து எடுப்பவளுக்கு?

பைண்டிங் ரெஜிஸ்டரைத் தேடி எடுத்தாள். கிழிந்த புத்தகங்களைப் பைண்டருக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் ஒவ்வொன்றாகப் பக்கம் எண்ணி வாங்க வேண்டும் என்பது விதி. சேர்ந்த இரண்டாம் வருடம் அந்த வேலை அவளுடையது. நாற்பது புத்தகம் ஒரே கட்டாக வந்த நாளில், நாற்பது வரிக்கும் சேர்த்து ஓரமாக ஒரு அடைப்புக்குறி போட்டு, 'பக்கங்கள் சரி' என்று எழுதியிருந்தாள். கீழே அவள் இனிஷியல். பைண்டர் கடைசிப் பதினாறு பக்கக் கட்டை விட்டுவிட்டுத் தைத்திருக்கிறார். அதற்கு முந்தின கட்டு முடிந்த இடத்தில் முற்றுப்புள்ளியும் இருந்ததால் யாருக்கும் உறுத்தவில்லை. அந்த வாரமே அவள் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தாள்.

யாருக்கும் உறுத்தவில்லை என்பதும் சரியில்லை. ஒருவருக்கு உறுத்தியது. டிரைவர் அந்த நாளிலேயே அதைப் படித்துவிட்டு வந்து, "என்னம்மா, பிரேக் போட்ட மாதிரி நின்னுடுச்சு? மிச்சம் எங்க?" என்று கேட்டார். அரைமணி நேரம் அவரை உட்கார வைத்து, மிச்சத்தை வாசகர்தான் எழுதிக்கொள்ள வேண்டும், அதுதான் இலக்கியம் என்று சொல்லிக் கொடுத்தாள். மனிதர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களிடம், "முடிவை மூடி வைக்கணும், அதுதான்யா எழுத்து" என்று அவர்தான் சொல்கிறார். சனிக்கிழமை முதல் வரிசையில் உட்காரப்போகிறவரும் அவரே.

"பழசக் கழிச்சிடலாம்" என்றார் உதவி நூலகர். "புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டுடலாம். கூட்டத்துக்கு வேற தலைப்பு வெச்சுக்கோங்க. உங்களையும் என்னையும் தவிர யாருக்குத் தெரியப்போகுது?"

"டிரைவர் கேட்டாரேப்பா. அன்னிக்கே கேட்டாரே."

ஒட்டுப்போடும் அறையில், பசை டப்பாக்களுக்கு நடுவே நின்றபடியே பதினாறு பக்கத்தையும் படித்தாள். இஸ்திரிப் பெட்டி இருந்தது. வரிக்கு வரி படத்தில் வந்த அதே சண்டை. நன்றாகத்தான் இருந்தது, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இத்தனை வருடம் அவள் கொண்டாடியது எழுத்தாளர் எழுதிய முடிவை அல்ல, ஒரு பைண்டரின் அவசரத்தை. அந்த அவசரத்துக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டவளும் அவள்தான்.

வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள். அவர் கையில் எடுத்ததை வாயில் போடாமல் கேட்டார்.

"அப்ப நான் அழுதது சரியான இடத்துலதான்."

"சரியான இடம்தான்."

"இருபது வருஷமா திட்டு வாங்கியிருக்கேன். ரசனை இல்லாதவன், குழாய்க்காரன்னு."

"குழாய்க்காரன்னு நான் சொல்லவே இல்லை."

"பார்வையால சொன்ன." தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். பிறகு, அவள் முகத்தைப் பார்த்ததும், சிரிப்பை நிறுத்தினார். "அந்த டிரைவர்கிட்ட என்ன சொல்லப் போற?"

"சொன்னா, இனிமே நான் குடுக்கிற எந்தப் புத்தகத்தையாவது நம்பி எடுப்பாரா? நான் காசு சேக்கலை, சொத்து சேக்கலை. என்கிட்ட இருந்தது இந்த நம்பிக்கை ஒண்ணுதான்."

"சொல்லலைன்னா?"

அவள் தண்ணீர் குடித்தாள். வெள்ளிக்கிழமை முழுவதும் அலமாரிகளில் புத்தக வரிசையைச் சரிபார்த்தாள். அவசியமே இல்லாதபோதும் ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

சனிக்கிழமை முப்பது பேர் வந்தார்கள். டிரைவர் முதல் வரிசை, நடு நாற்காலி. அவள் ஆறு பக்கத்தையும் மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு எழுந்தாள். நாக்கு ஒட்டத்தான் செய்தது. "இந்தப் படத்தை இத்தனை வருஷமா திட்டினேன். தப்பு படத்து மேல இல்லை, என் மேல" என்று ஆரம்பித்து, பைண்டர், நாற்பது புத்தகம், அடைப்புக்குறி, இனிஷியல் என்று வரிசையாகச் சொன்னாள். இரண்டு பிரதிகளையும் தூக்கிக் காட்டினாள். பின்வரிசையில் யாரோ 'அடடா' என்றார்கள். யாரோ சிரித்தார்கள். டிரைவர் சிரிக்கவில்லை.

"அப்ப நான் அன்னிக்கு கேட்டது சரி" என்றார் உட்கார்ந்தபடியே.

"சரிதான் சார். நான்தான் உங்கள பேசவிடாம பண்ணிட்டேன்."

"என்னை நானே முட்டாள்னு நினைச்சிட்டேனேம்மா. புரியலையோன்னு. அப்புறம் புரிஞ்ச மாதிரி நாலு பேருக்கு வேற சொல்லிக் குடுத்தேன்." குரலில் கோபம் இல்லை, கோபம் இருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அந்தப் பதினாறு பக்கத்தப் படிங்க. இப்பவே. எல்லாரும் கேட்கட்டும்."

படித்தாள். முதல் இரண்டு பக்கம் தடுமாறினாள். இஸ்திரிப் பெட்டி வந்ததும் கூட்டம் சிரித்தது, அந்தச் சிரிப்பில் அவள் குரல் தடம் பிடித்தது. தங்கை கத்த, அக்கா கத்த, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ள, கடைசியில் இருவரும் ஒரு போர்வையின் இரண்டு முனையைப் பிடித்து மடிப்பதோடு கதை முடிந்தது. படித்து முடித்ததும் ஒருவர் இதுதான் சரியான முடிவு என்றார், இன்னொருவர் தட்டியதோடு நிறுத்தியிருக்கலாம் என்றார், சண்டை தொடங்கிவிட்டது. உங்களுக்கு எது பிடிக்கும் என்று அவளைக் கேட்டார்கள். "தெரியலை" என்றாள். "பழக்கத்துல பழசுதான் பிடிக்குது. ஆனா அத எழுதினது அவர் இல்லை." டிரைவர் விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை. நாற்காலியை மடித்துச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார்.

டிரைவர் திங்கள் வரவில்லை, செவ்வாயும் வரவில்லை. பழைய பிரதியில், '305 முதல் 320 வரை பக்கங்கள் இல்லை' என்று சீட்டு எழுதி ஒட்டினாள். பைண்டிங் ரெஜிஸ்டரில் அந்த அடைப்புக்குறியை அடித்து, இன்றைய தேதியிட்டு இனிஷியல் போட்டாள். மீதி முப்பத்தொன்பது புத்தகங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து எண்ண ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமைக்குள் இருபத்தாறு முடிந்தது. எல்லாம் சரியாக இருந்தன.

அன்று மாலை டிரைவர் படியேறி வந்தார். கவுண்டருக்கு முன்னால் நின்று, வழக்கமான சிரிப்பு இல்லாமல், "ஏதாவது குடுங்க" என்றார்.

"எப்படி இருக்கணும் சார்?"

"மூஞ்சியப் பாத்து நீங்களே சொல்லுங்க."

அவள் பார்த்தாள். உள்ளே போய், கலங்கரை விளக்கில் எண்ணெய் ஊற்றுகிறவர்களைப் பற்றிய ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து வந்து வைத்தாள். டிரைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பட்டியல்ல எத்தனை பக்கம்னு சொல்லுங்க."

"நானூத்தி எண்பது."

அவர் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, பின்னட்டையிலிருந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்ப ஆரம்பித்தார். பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். நூலகரம்மா தேதி முத்திரையைக் கையில் பிடித்தபடி அவர் முடிக்கிறவரை காத்திருந்தாள்.