சாப்பிட்ட பின் மூன்று வேளை

கை நடுக்க நோய்க்கு மாத்திரை கண்டுபிடிக்கப் பார்க்கும் கம்பெனியில் எனக்கு வேலை. மூளைக்குள் நுழையும் அளவுக்குச் சின்ன மூலக்கூறுகளைச் சென்னையில் ஏசி அறைக்குள் செய்கிறோம். செய்கிறோம் என்றால், நான் செய்கிறேன். மற்றவர்கள் படம் போட்டுக் காட்டுகிறார்கள்.

லீவில் மலைக்கு வந்திருந்தபோது போனில் ஒரு கூட்டம். எங்கள் சாமை நிலத்துக்கு மேலிருக்கும் பாறையில்தான் சிக்னல் எடுக்கும். அப்பாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் அதே நோய், வலது கையில். திருப்பத்தூர் டாக்டர் எழுதிய சீட்டை எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். "மூணு வேளை, சாப்பிட்ட பிறகு" என்று படித்துக் காட்டிவிட்டுப் பெருமையாகப் பஸ் ஏறியவனும் நானே. அப்பா சாப்பிடுவதோ இரண்டு வேளை. காலையில் களி, பொழுது சாய்ந்தால் களி. மத்தியான மாத்திரையை அவர் போட்டதே இல்லை. அந்நேரத்தில் சொம்பைத் தூக்கினால் பாதித் தண்ணீர் அவர் நெஞ்சில்தான் கொட்டும்.

கூட்டத்தில் இரண்டு மூலக்கூறுகள் மிச்சமிருந்தன. ஒன்றைச் சுலபமாகச் செய்துவிடலாம். ஆனால் உடம்பில் நிற்காது, மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். இன்னொன்று ஒரு நாளைக்கு ஒன்று போதும், வெறும் வயிற்றிலும் போடலாம். என்ன, செய்து முடிக்க வேலை அதிகம்.

"முதல்லதே போதும். மூணு வேளை சாப்பிடாதவங்க யாரு இருக்காங்க?" என்றார் டீம் லீடர்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது, மைக்கையும் அணைக்க மறந்திருந்தேன். "இன்னாடா சொல்றாரு? மூணு வேள துன்றவனுக்குத்தான் கை நடுங்குமா?" என்றார் அப்பா.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "யாருப்பா அது, புது கன்சல்டன்ட்டா?"

"எங்கப்பா சார். பேஷன்ட். ரெண்டு வேளைதான் சாப்பிடுவாரு. ரெண்டாவதையே எடுக்கலாம் சார், கூடுதல் வேலைய நானே பார்க்கிறேன்."

"சென்டிமென்ட்டுக்கெல்லாம் ஸ்லைடு கிடையாது தம்பி. மத்தியானம் ரெண்டு பிஸ்கட் சாப்பிடச் சொல்லு."

மூளை செல் ஏன் சாகிறது என்று வருஷக்கணக்கில் ஆராய்ந்தவரின் தீர்வு: இரண்டு பிஸ்கட். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். முதலாவதே தேர்வானது.

"இன்னா முடிவாச்சு?"

"மூணு வேளதாம்ப்பா."

"யாரு செய்யப் போறது?"

"நான்தான்."

"நல்லா செய். மூணு வேள துன்றவனாவது பொழச்சிக்கட்டும்" என்று அப்பா எழுந்தார். நான் நீட்டிய கையைப் பிடிக்காமலே பாறையிலிருந்து இறங்கினார்.

சென்னைக்குத் திரும்பி வந்ததிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். வெள்ளைத் தூள். சொன்ன மாதிரியே, சுலபமாகத்தான் வருகிறது.