ஆறிப்போன தேத்தண்ணி

தேத்தண்ணி என்றால் சூடாக இருக்க வேண்டும். உதடு சுடாத தேத்தண்ணியை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். கலியாண வீடானாலும் சரி, மருமகன் ஊற்றித் தந்தாலும் சரி. பன்விலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் படிப்பித்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் அந்த அதிகாரம் என்னை விட்டுப் போகவில்லை என்று என் மகள் சொல்வாள்.

அதிகாரமெல்லாம் ஆஸ்பத்திரி வாசலோடு சரி. போன வருஷம் எனக்குப் பித்தப்பையில் கல் என்றார்கள். பையையே எடுத்துவிட வேண்டுமாம். கத்திக்கு நான் பயப்படவில்லை. மயக்க மருந்து கொடுத்தால் திரும்ப எழும்புவேனா என்பதுதான் பயம். கண்டியில் முதல் தடவை ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைத்தபோது, அந்தப் பயத்திலேயே பிரஷர் ஏறிப்போய் வீட்டுக்கு அனுப்பப்பட்டேன். அடுத்த திகதிக்கு நான்கு மாதம். அதற்குள் மூன்று தடவை வலி வந்து சுருண்டு கிடந்தேன். இந்த முறையும் திரும்பிப் போக நேர்ந்தால் என் உடம்பு தாங்காது என்று எனக்கே தெரிந்திருந்தது.

ஒப்பரேஷனுக்கு முதல்நாளே வார்டில் படுக்கச் சொன்னார்கள். பக்கத்துக் கட்டிலில் அக்குறணையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் அம்மா இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவருக்கும் அதே கல், அதே ஒப்பரேஷன். அவர்கள் வழக்கப்படி அக்கா என்பதற்கு நான் அவரை ராத்தா என்றேன், அவர் என்னை டீச்சர் என்றார். மறுநாள் பட்டியலில் நான் முதலாவது, அவர் கடைசி. கடைசி இடத்தை அவர் தாதியிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருந்தார். மகள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்து சேரப் பத்து மணியாகுமாம். மகளின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போகத் தன்னால் ஏலாது என்றார். என்னைவிடப் பயந்த ஒருவரைக் கண்டதில், உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகு சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று தாதி சிங்களத்தில் சொல்லிவிட்டு, எனக்காகத் தனக்குத் தெரிந்த தமிழிலும் ஒரு தடவை சொன்னார். எனக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். இரண்டுக்கும் தலையாட்டினேன். பட்டினி கிடப்பது எனக்கென்ன புதிதா? கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் இருப்பவள், வெள்ளிக்கிழமை தவறாதவள். ஆனால் எங்கள் வீட்டு விரதங்களில் தேத்தண்ணிக்கு மட்டும் விலக்கு உண்டு. யார் கொடுத்த விலக்கு என்று யாரும் கேட்டதில்லை. தேயிலைக்கு நடுவே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது சாப்பாட்டிலும் சேர்த்தியில்லை, குடிப்பதிலும் சேர்த்தியில்லை. காலையில் முகம் கழுவுவது போல அதுவும் ஒன்று.

விடியக் காலை ஐந்து மணிக்கு விழித்துக்கொண்டேன். வழக்கம்போல கை தேத்தண்ணியைத் தேடியது. என் மகள் வைத்துவிட்டுப் போன பிளாஸ்கில் பால் கலக்காத சாயத் தேத்தண்ணி மிச்சமிருந்தது, நல்ல சூடு. ஒரு கோப்பை ஊற்றிக் குடித்தேன். வெறும் வயிற்றில் சாயம் நெஞ்சைக் கரிக்கும் என்று ஒரு பிஸ்கட்டும் கடித்துக்கொண்டேன். தொழுதுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த ராத்தா அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், இது என்ன வேல?"

"வெறுஞ்சாயந்தான் ராத்தா. சாப்பிடலயே."

"அல்லாஹ்வே! நாங்க நோன்பு புடிச்சா ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போனாலும் முறிஞ்சிரும். இதுவும் அப்பிடித்தான். மயக்கத்துல வாந்தி வந்து நெஞ்சுக்குள்ள எறங்கினா உசிருக்கே ஆபத்துன்னு அந்த நர்ஸ் மிஸ் சொன்னாவே. ஒடனே போய்ச் சொல்லுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்ததும் கோபம் வந்தது. பிழை நம்முடையது என்று தெரியும்போது வருகிற கோபம் அது.

"சொன்னா திரும்ப வீட்டுக்கு அனுப்பிருவாங்க. நீங்க ஒங்க வேலயப் பாருங்க ராத்தா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

அவர் கோபிக்கவில்லை. மெல்ல எழுந்து வந்து என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தார். "திகதி போனா இன்னொரு திகதி தருவாங்க டீச்சர். நீங்க போய்ட்டா?" என்றார். போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். இரண்டு பேருமாகத் தாதியின் மேசைக்கு நடந்தோம்.

தாதி ஏசவில்லை. மயக்க மருந்து கொடுக்கும் டொக்டரை அழைத்து வந்தார். என்னிடம் படித்த பிள்ளைகள் வயதில் ஒரு பெண்.

"தேத்தண்ணி மட்டுமா அம்மா?" என்று அவர் சிங்களத்தில் கேட்டார்.

"ஒரு பிஸ்கட்டும்" என்றேன். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பிள்ளைகள் என் முன்னால் எப்படி நின்றிருப்பார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

டொக்டர் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொன்னார். என்னைக் கடைசியாக எடுத்தால் அதற்குள் வயிறு காலியாகிவிடும், செய்யலாம். ஆனால் முதல் இடத்துக்கு வேறொருவர் இப்போதே வர வேண்டும். மற்றவர்களை நகர்த்த முடியாது. மாற்றக்கூடியது ராத்தாவின் இடம் ஒன்றுதான். முடியாவிட்டால் எனக்கு வேறு திகதி.

ராத்தா வார்டு வாசலைப் பார்த்தார். மகள் வர இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் நான் சுள்ளென்று விழுந்த ஆளிடம் என்னவென்று உதவி கேட்பது?

"நான் போறன் மிஸ்" என்று தாதியிடம் சொன்னார் ராத்தா. பிறகு என்னிடம், "மகள் வந்தா, உம்மா அழல்லன்னு சொல்லுங்க டீச்சர்" என்றார். சொல்லும்போதே கண்ணீர் வடிந்தது.

தியேட்டர் வாசல் வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு தள்ளுகட்டிலோடு நடந்தேன். பத்து மணிக்கு ராத்தாவின் மகள் பதறிக்கொண்டு வந்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். உம்மா அழவில்லை என்ற ஒரு பொய்யை மட்டும் சேர்த்துக்கொண்டேன். அந்தப் பிள்ளை என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளோ என் போர்வையைச் சரிசெய்துவிட்டு, "நீங்களும் பயப்படாதீங்க ஆன்ட்டி" என்றாள்.

பிற்பகல் என்னையும் கொண்டுபோனார்கள். எழும்பினேன். எழும்பிவிட்டேன் என்று தெரிந்ததும் வெட்கமில்லாமல் அழுதேன்.

அந்தி சாயும் நேரம், இனி ஏதாவது குடிக்கலாம் என்று தாதி வந்து சொன்னார். பக்கத்துக் கட்டிலில் ராத்தா விழித்திருந்தார். அவருடைய சின்ன அலுமாரியின் மேல் ஒரு கோப்பை, பீரிசுத் தட்டால் மூடியபடி இருந்தது. மகள் நாலு மணிக்கு ஊற்றி வைத்த தேத்தண்ணியாம். அவருக்குக் குடிக்க அனுமதி கிடைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல். மருந்துக்குத் தண்ணீர் குடித்ததோடு சரி, அதைத் தொடவேயில்லை என்றார் தாதி.

"ஏன் ராத்தா குடிக்கல?"

"தனியா நோன்பு தொறக்க மனசு வரல்ல டீச்சர்."

சூடாக வேறு கொண்டு வரட்டுமா என்று தாதி கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் ராத்தாவின் கோப்பையிலிருந்து பாதியை எனக்கு ஊற்றித் தந்தார். பச்சைத் தண்ணீர் போல ஆறிப்போயிருந்தது. கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.