மல்லியின் வாலைத் தின்றது யார்?

மெரினாவில் குதிரைச் சவாரி விடுகிறவனுக்கு, குதிரை கீழே தள்ளிவிடும் என்ற பயம் சீக்கிரமே போய்விடும். அது எதைத் தின்னுமோ என்ற பயம் மட்டும் போகாது. குதிரை வைத்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

திருடன்

ஒரு நாள் காலை நொச்சிக்குப்பத்துக் கொட்டகையில் பார்த்தால், என் வெள்ளைக் குதிரை மல்லிக்குப் பாதி வால்தான் இருந்தது. அந்த வாரம்தான் மயிலாப்பூரில் ஒரு ஜானவாசம்; மாப்பிள்ளை மல்லிமேல் ஊர்வலம் வருவதாகப் பேச்சு. எவனோ முடியைக் கத்தரித்துவிட்டான் என்று தெரு முழுக்கக் கத்திவிட்டு, மல்லிக்குப் பக்கத்தில் கட்டியிருந்த இளங்குதிரை சுல்தானுக்குக் கொள்ளு வைக்கப் போனேன். அவன் கடைவாயில் வெள்ளை முடி தொங்கியது. பின்னால் வந்து நின்ற என் மனைவி தேவி சொன்னாள்:

"ஊரெல்லாம் திருடனைத் தேடிக்கினு கீற, திருடனுக்கு நீயே கொள்ளு வெச்சிக்கினு கீற."

வைத்தியம்

வாலில் வேப்பெண்ணெய் தடவினேன். சுல்தான் வாலை விட்டுப் பிடரியைப் பிடித்தான். பிடரியிலும் தடவினேன். அந்த நாற்றத்தில் சவாரிக்கு வந்தவர்கள் மல்லியிடம் நெருங்கவே இல்லை.

கடைசியில் அடையாறிலிருந்து கால்நடை டாக்டரம்மாவை அழைத்தேன். இரண்டு வேளைத் தீனிக்கு நடுவில் சுல்தான் என்ன தின்கிறான் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். நாள் முழுக்க மெல்லுவதற்கென்றே பிறந்த ஜீவன் அது. புல் குறைந்தாலும், உப்பு குறைந்தாலும், பொழுது போகாவிட்டாலும் பக்கத்துக் குதிரை முடியில் வாய் வைக்கும் என்றார். காய்ந்த புல்லை வலைப்பையில் எப்போதும் தொங்கவிட வேண்டும், நக்க உப்புக்கட்டி வைக்க வேண்டும், முடி வளரும்வரை இரண்டையும் எட்டக் கட்ட வேண்டும் என்றார். அப்போ வேப்பெண்ணெய் என்று இழுத்தேன்.

"தடவுங்க, தப்பில்ல. ஆனா பசிக்கு வேப்பெண்ணெய் மருந்தில்ல."

ஜானவாசம்

புல் வந்தது, சுல்தான் அடங்கினான். ஆனால் ஊர்வலத்துக்குள் வால் வளருமா? தேவி தன் சவுரிமுடியை எடுத்து வந்து, மிச்சமிருந்த வாலோடு சேர்த்துப் பின்னி, கறுப்பு தெரியாமல் மல்லிகைச் சரத்தைச் சுற்றிவிட்டாள். மல்லியும் மாடவீதி முழுக்க அந்தப் பூச்சடையை ஆட்டிக்கொண்டே நடந்தாள். குழந்தைகள் மாப்பிள்ளையை விட்டுவிட்டு வாலுக்குப் பின்னாலேயே வந்தார்கள். ஊர்வலம் முடிந்ததும் கல்யாணப் பெண்ணின் அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன்.

"குதிரைக்குத் தலை பின்னினது யாருப்பா? நாளைக்கு எங்காத்துப் பொண்ணுக்கும் அவாளையே வரச் சொல்லு."

சும்மா கிடக்கிற வாய் குதிரைக்கு வாலைத் தேடும், மனுஷனுக்கு வம்பைத் தேடும் என்பதுதான் இத்தனை வருஷ மெரினாவில் நான் படித்த படிப்பு.