கீழே ஒரு முழம் கரை

கல்லடிப் பாலத்தடியில் விடிகிறது. பஸ்ஸால் இறங்கி வந்து, எல்லோரும் எடுக்கிற அதே வாவிப் படத்தைத்தான் நானும் எடுக்கிறேன். எனக்கென்று ஒரு பாணி வராமலே போய்விடுமோ? வலையில் இறால் பொறுக்கும் பெண் கமராவை எட்டிப் பார்க்கிறார். படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன்.

“எல்லாத்திலயும் கீழ கரை கிடக்கே அண்ணன். தண்ணிக்குப் பயமோ?”

“ஓம். நீந்தத் தெரியாது.”

“இந்தா தோணி நிக்குது, ஏறுங்களன்.”

“ஐயோ, வேணாம்.”

அவர் சிரிக்கிறார். “இனி எங்க கண்டாலும் ஒங்கட படமெண்டு சொல்லிருவன்.”

இதுவரை அந்தக் கரையை வெட்டிவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். இப்போது கமராவை இன்னும் கொஞ்சம் தாழ்த்துகிறேன். என் செருப்பு நுனியும் படத்தில் விழுகிறது. இருக்கட்டும்.